ஜெபப்புஸ்தகத்தின் கடைசி ஏடு

தம்பானூர், திருவனந்தபுரம்
7-9-1936

அன்புள்ள அக்கா எலிசாளுக்குத் தம்பி தாசையன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் ராஜமணியும் நன்றாயிருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் பேசுகிற பலம் குறையாததால் அதைச் சுகக்கேட்டில் நான் சேர்ப்பதில்லை. உன் சுகமும் பிள்ளை ஞானபாயின் சுகமும் விவரமாக எழுது.

நிற்க. என் பழஞ்சாமான் கடைக்கென்று நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட தூக்குவிளக்கு வந்து சேர்ந்தது. சாக்கைப் பிரித்தவன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, என்ன காரியம் செய்துவிட்டாய்! நூறு நூற்றைம்பது வருஷம் எண்ணெயும் புகையும் குடித்துக் கறுத்துக் கிடந்த விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நேற்றுத்தான் வார்த்து எடுத்ததுபோல் அனுப்பியிருக்கிறாய். அந்தக் கறுப்புக்குத்தான் துரைமார் காசு கொடுக்கிறார்கள். கறுப்புப் போனால் அது வெறும் விளக்கு. சாலைக் கடைத்தெருவில் இதைவிட நல்லதாகவே கிடைக்கும். "அழுக்கா குடுத்துவிட்டா எனக்க தம்பிக்கில்லியா குறைச்சல்?" என்று நீ அங்கே கேட்பது எனக்கு இங்கே காதில் விழுகிறது. இனிமேல் பழைய சாமான் எது கண்ணில் பட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு அனுப்பு.

இப்போது முக்கியமான விஷயம். சுவிஸ் தேசத்துத் துரை ஒருவர் மூன்று வாரமாக இங்கே தங்கியிருக்கிறார். வாள், விளக்கு, சீனப் பரணி ஜாடி ஒன்றும் அவருக்கு வேண்டாம். பழைய தமிழ் அச்சுப் புஸ்தகந்தான் வேண்டும். அதிலும் வீட்டுக்காரர்கள் கைப்பட ஏதாவது எழுதி வைத்திருந்தால் மனிதருக்குத் தலைகால் புரிவதில்லை. ஒரு புஸ்தகத்தின் ஓரத்தில் யாரோ இருமல் கஷாயத்துக்கு மருந்து எழுதியிருந்ததை என்னைப் படித்துச் சொல்லச் சொல்லி அரை மணி நேரம் சிரித்தார். அவரிடம் நம் தாத்தாவின் ஜெபப்புஸ்தகத்தைப் பற்றிச் சொன்னேன். பின்னால் உள்ள வெற்றேடுகளில் உபதேசியாராக இருந்த எங்கள் அப்பா வீட்டிலுள்ள பிறப்பு இறப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறார் என்றேன். துரை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அதைக் கொண்டுவந்தால் கடையில் தூசி தின்றுகொண்டிருக்கும் மற்றப் புஸ்தகங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கடையை நடத்துவதா மூடுவதா என்று நானும் ராஜமணியும் தினமும் சண்டை போடுகிற சமயத்தில் இது எனக்குப் பெரிய காரியம்.

அந்த ஏட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா புஸ்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். பதிமூன்று வயதில் நான் இங்கே வந்துவிட்டேன். "உங்க ரெண்டுபேருக்க பேரும் அதில உண்டு" என்று மட்டும் அப்பா ஒரு தரம் சொன்னதாக ஞாபகம். விற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பார்த்தெழுதி உனக்குத் தருவேன், கவலைப்படாதே. புஸ்தகத்தைத் துடைக்காதே. வெயிலில் போடாதே. அட்டை போடாதே. அப்படியே அனுப்பு.

உன் அன்புத் தம்பி
தாசையன்

*

பனவிளை, மார்த்தாண்டம்
21-9-1936

அன்புள்ள தம்பி தாசையனுக்கு அக்கா எலிசாள் எழுதிக்கொண்டது. நாங்கள் இரண்டுபேரும் சுகம். உங்கள் சுகத்துக்காக நாள் தவறாமல் ஜெபிக்கிறோம்.

விளக்கைத் தேய்த்தது குற்றமானால் குற்றந்தான். ஆனால் அழுக்கோடு ஒரு பொருளை வீட்டுப்படி இறக்க எனக்குத் தெரியாது. அழுக்குக்குக் காசு கொடுக்கிற ஆட்கள் உண்டென்றால் இங்கே மாட்டுத்தொழுவத்துக்கு அனுப்பி வை, வேண்டியமட்டும் அள்ளிக்கொண்டு போகட்டும்.

ஞானபாய்க்குப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் சொல்லும்படி இல்லை. ஆனால் காலையில் சேலையை மடிப்பு வைத்து உடுத்துக்கொண்டு கிளம்பும்போது பார்க்க எனக்கு நன்றாயிருக்கிறது. வெள்ளைக் கோழி பன்னிரண்டு முட்டையில் அடைகாத்து ஒன்பது பொரித்தது. கிழக்கே நின்ற அயனிப்பலா காற்றில் சாய்ந்துவிட்டது, நல்ல வேளை வீட்டின்மேல் விழவில்லை. ராஜமணிக்கு முழங்காலுக்குப் பூச எண்ணெய் காய்ச்சி, நேசமணி வாத்தியார் அடுத்த தரம் அங்கே வரும்போது கொடுத்துவிடுகிறேன். கருப்பட்டியும் வருகிறது. கருப்பட்டியைக் கடையில் வைத்து இருநூறு வருஷத்துச் சரக்கு என்று விற்றுவிடாதே.

அக்கா
எலிசாள்

*

தம்பானூர்
5-10-1936

அன்புள்ள அக்காவுக்கு, இருவரும் சுகம். உங்கள் சுகம் அறிய அவா. கார்டில் இடமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். கருப்பட்டி, எண்ணெய் இரண்டும் வந்தன. ராஜமணி உன்னை வாழ்த்துகிறாள், என்னை அல்ல. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோழி பொரித்தது இருக்கிறது, மரம் விழுந்தது இருக்கிறது, ஜெபப்புஸ்தகம் மட்டும் இல்லை. துரை தினமும் கடைக்கு வந்து "புக்? புக்?" என்று கேட்கிறார். உடனே பதில் எழுது.

தம்பி தாசையன்

*

பனவிளை
19-11-1936

அன்புள்ள தம்பிக்கு, இங்கே சுகம். நீங்கள் சுகமாயிருக்க ஆண்டவர் துணை.

பதில் எழுதப் பிந்திவிட்டது. கையில் நீர் கோத்து வலி. ஞானபாயை எழுதச் சொல்லலாம், ஆனால் அவளுக்கு நேரமில்லை.

புஸ்தகம் அப்பாவின் பெட்டியிலா பரணிலா என்று தெரியவில்லை. பரணில் கறையான். ஏணி வைத்து ஏற இந்த வயதில் எனக்குத் தைரியமில்லை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நம்முடைய வீட்டில் யார் பிறந்தார்கள் யார் செத்தார்கள் என்று தெரிந்து அந்தத் துரைக்கு என்ன ஆகவேண்டும்? பழசையெல்லாம் எதற்குக் கிளறவேண்டும்? உன் கடை நன்றாக நடக்கவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இங்கே பக்கத்து வீட்டில் ஒரு பழைய வெற்றிலைச் செல்லம் இருக்கிறது. கேட்டு வாங்கித் தரட்டுமா? தேய்க்காமல் தருகிறேன்.

அக்கா
எலிசாள்

*

தம்பானூர்
25-11-1936

என் அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதியது. எனக்குச் சுகம். உன் கைவலி எப்படியிருக்கிறது என்று முதலில் எழுது.

இங்கே இரண்டு வாரமாக ஒரே பேச்சு. கோயில்கள் எல்லாருக்கும் திறந்தாயிற்று என்று விளம்பரம் வந்ததிலிருந்து ஊர் முழுக்கக் கிழக்கேக்கோட்டைக் கோயில் வாசலில்தான் நிற்கிறது. கடைக்கு ஈ காக்கை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்காமல் கரமனைப் பக்கம் சாமான் தேடிப் போனேன். அக்ரஹாரத்தில் அனந்தலக்ஷ்மி அம்மாள் என்று ஒருவர், மாமனார் காலத்து நாழிகை வட்டிலைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் ஊசித்துவாரம் போட்ட செம்புக்கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து ஒரு நாழிகையில் மூழ்கும். கொடுத்துவிட்டு, "தாசையா, இது எங்காத்துலேர்ந்து வந்ததுன்னு எவர்கிட்டயும் வாயைத் திறக்காதே, தெருவிலே தலைகாட்ட முடியாது" என்றார். வாங்க வருகிறவன் முதலில் கேட்பதே எந்த வீட்டுச் சரக்கு என்றுதான். கொடுக்கிறவர்களோ சொல்லாதே என்கிறார்கள். நடுவில் நான் ஏதாவது ஒரு ராஜகுடும்பத்துக் கொட்டாரத்தைச் சொல்லி வைக்கிறேன். என் தொழிலே இப்படித்தான் ஓடுகிறது, ஆண்டவர் மன்னிப்பாராக.

அதனால்தான் அக்கா, இந்த ஒரு புஸ்தகத்தின்மேல் எனக்கு இத்தனை ஆசை. எந்த வீட்டுச் சரக்கு என்று துரை கேட்டால் "என் வீட்டுச் சரக்கு, இதோ என் அப்பா கையெழுத்து, இதோ என் பேர்" என்று ஒரு தரமாவது பொய் சொல்லாமல் விற்கலாம். துரை கப்பலேறும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறார். எனக்காக அல்ல, புஸ்தகத்துக்காக.

பரணில் நீ ஏறவேண்டாம். டிசம்பர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை நானே முதல் பஸ்ஸில் வருகிறேன். ஏணியும் நானே பிடித்து, நானே ஏறிக்கொள்கிறேன்.

உன் தம்பி
தாசையன்

*

பனவிளை
1-12-1936

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ இதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு வரவேண்டாம். புஸ்தகம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை நேசமணி வாத்தியார் கையில் வருகிறது. நான் தேய்க்கவுமில்லை துடைக்கவுமில்லை.

பின்னாலுள்ள ஏடுகளில் கடைசி ஏடு இல்லை. அது அப்பா காலத்திலேயே போய்விட்டது. எலி கடித்ததாக ஞாபகம். தாத்தா எழுதின ஏடு இரண்டு இருக்கிறது, துரைக்கு அது போதும்.

எலிசாள்

*

தம்பானூர்
8-12-1936

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. உனக்கும் ஞானபாய்க்கும் குறைவொன்றும் இருக்கக்கூடாது என்று விரும்புகிறேன்.

புஸ்தகம் வந்தது. துரைக்குக் காட்டவில்லை. ராஜமணிக்கும் காட்டவில்லை.

அக்கா, இருபது வருஷமாக நான் இந்தத் தொழிலில் சோறு தின்கிறேன். பழைய காகிதத்தின் ஓரம் காற்றுப் பட்டுப் பட்டுச் சாயாத்தண்ணீர் நிறமாகிவிடும். நடுவில் எப்போது வெட்டினாலும் வெட்டின இடம் மட்டும் வெளுப்பாயிருக்கும். அது பழுக்கப் பல வருஷம் வேண்டும். எங்கள் ஆட்கள் பொய்ச்சரக்கைக் கண்டுபிடிப்பதே இப்படித்தான். உன் புஸ்தகத்தில் கடைசி ஏட்டின் அடிக்கட்டை முதுகோரத்தில் இரண்டு விரற்கடை நிற்கிறது. அதன் ஓரம் தேங்காய்ப் பத்தைபோல் வெள்ளையாயிருக்கிறது. எலி இவ்வளவு நேராகக் கடிக்காது. கத்திரிக்கோல் இரண்டு இடத்தில் நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது. வெட்டி ஒரு மாதம் ஆகியிருக்காது.

உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். கோபம் இருக்கிறது. ஊரெல்லாம் என்னை ஏமாற்றப் பார்க்கும், அது தொழில். நீ என்னிடம் எலியென்று எழுதலாமா?

நேற்று முழுக்க யோசித்தேன். நீ ஒரு ஏட்டை ஒளிக்கிறாயென்றால் அதில் என் பேருக்குப் பக்கத்தில் என்னமோ இருக்கிறது. சின்ன வயதில் என்னை அழவைக்கவேண்டுமென்றால் நீ ஒன்று சொல்வாயே, ஞாபகமிருக்கிறதா? "ஒன்னத் தவிட்டுக்கு வாங்கினதாக்கும், நாழித் தவிடு குடுத்து வாங்கினோம்." நான் அம்மாவிடம் ஓடுவேன். அம்மா உன்னை அடிக்க ஓங்குவாள், ஆனால் அடித்ததில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகளை இப்படிச் சொல்வதுதானே என்று இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. உனக்கு அம்மா முகம், அம்மா நடை. என்னை யாரைப்போல் இருக்கிறான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதேயில்லை.

நான் அவர்கள் பெற்ற பிள்ளையில்லையென்றால் சொல்லிவிடு அக்கா. நாற்பத்தாறு வயதில் இதைக் கேட்பது கஷ்டந்தான். தெரியாமல் கடையில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஏட்டைக் கிழித்துப்போடாமல் வைத்திருந்தால் அனுப்பு.

தாசையன்

*

பனவிளை
20-12-1936

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு மருமகள் ஞானபாய் எழுதும் கடிதம். நீங்களும் மாமியும் சுகமென்று நம்புகிறேன். நான் சுகம். அம்மா சுகமில்லை.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை. வீட்டையெல்லாம் பெருக்கி, வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டு, பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குகிறாள். யாரோ வந்து வீட்டை எடுத்துக்கொள்ளப் போவதுபோல் செய்கிறாள். "எதுக்கம்மா இதெல்லாம்?" என்று கேட்டால், "நீ போயி ஒனக்க சோலியப் பாரு" என்கிறாள். கிறிஸ்மஸுக்கு மாமா வருவாரா என்று நேற்றுக் கேட்டேன். "அவன் இனி வரமாட்டான் பிள்ளே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உங்கள் கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. அதில் என்ன இருந்ததென்று நான் கேட்கவில்லை. ஆனால் கோபத்தில் எழுதியிருந்தால் அன்பாக ஒரு வரி எழுதிவிடுங்கள் மாமா. அம்மாவுக்கு உங்களைவிட்டால் பிறந்த வழியில் வேறு யார் இருக்கிறார்கள்?

கீழ்ப்படிதலுள்ள
ஞானபாய்

*

பனவிளை
4-1-1937

மகாராஜராஜஸ்ரீ தாசையன் அவர்களுக்கு எலிசாள் எழுதுவது.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் புது வருஷம் நன்மையாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் என்று எழுத எனக்கு வரவில்லை, அதனால் நீ என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் முதலில். நீ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளை. சந்தேகமே வேண்டாம். நீ பிறந்த அன்று நல்ல மழை. எனக்கு ஐந்து வயது. மருத்துவச்சி என்னை உள்ளே விடாமல் தள்ளிக் கதவைச் சாத்தினாள், நான் வெளியே நின்று நீ அழுததைக் கேட்டேன்.

தவிட்டுக்கு வாங்கினது நீயல்ல. நான்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அப்பா ஒருநாள் பெட்டியைப் பூட்ட மறந்து ஒரு சாவு வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போய்விட்டார். எனக்குப் புதிதாக எழுத்துக்கூட்டி வாசிக்க வந்திருந்த காலம், எதைக் கண்டாலும் வாசிப்பேன். துணியை அவிழ்த்தேன். கடைசி ஏட்டில் அப்பா கையெழுத்தைக் கண்டு என் பேரைத் தேடினேன். இருந்தது. வாந்திபேதி வந்த வருஷத்தில் குழித்துறைச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்திரீ செத்துக் கிடந்தாள், பக்கத்தில் உயிரோடு ஒரு பெண் குழந்தை, ஆறு மாதம் இருக்கலாம், ஊரும் ஜனமும் தெரியவில்லை, எலிசாள் என்று பேரிட்டோம் என்று எழுதியிருந்தது. ஏட்டை மூடிவிட்டேன். அன்றைக்கு மூடினதுதான். பிறகு ஒருநாளும் திறக்கவில்லை. இப்போது வெட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டினேன், அதனால்தான் கத்திரிக்கோல் இரண்டிடத்தில் நின்றிருக்கும்.

என்னை எடுத்ததற்கு அடுத்த வருஷமே அப்பாவுக்கு இந்தச் சபைக்கு மாற்றம் ஆகியிருந்ததால் இங்கே யாருக்கும் தெரியாது. அம்மாவிடமும் அப்பாவிடமும் நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதென்றே நினைத்துக்கொண்டு இரண்டுபேரும் கண்ணை மூடினார்கள். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினதென்று சொல்ல ஆரம்பித்தது, நான் அதை வாசித்ததற்கு மறுநாளிலிருந்துதான். எனக்குச் சுட்டது உனக்கும் கொஞ்சம் சுடட்டும் என்று செய்தேன். நீ அழுதால் எனக்குக் கொஞ்சம் ஆறும். அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு அம்மா முகம், அம்மா நடை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் ரொம்ப அழுதுவிட்டேன்.

இன்னும் ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நான் கைக்குழந்தையோடு நின்றபோது, அப்பா விட்டுப்போன இந்த வீட்டையும் சுற்றியுள்ள விளையையும் நீ பங்கு கேட்காமல் அக்காவுக்கு இருக்கட்டும் என்று ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் தந்தாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அக்காவுக்கென்று நீ கொடுத்தது, அக்கா இல்லாதவளுக்கு எப்படிச் சேரும்? எப்போது வரச்சொல்கிறாயோ அப்போது வந்து திருப்பி எழுதித் தருகிறேன். ஞானபாய்க்கு இன்னும் சொல்லவில்லை. நீ அவளுக்கு மாமன் இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஏடு இதில் இருக்கிறது. நீ கேட்டபடி அனுப்பிவிட்டேன். துரைக்குக் கொடுப்பதானால் கொடு, உன் கடை நிற்கட்டும்.

இப்படிக்கு
எலிசாள்

*

தம்பானூர்
29-1-1937

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ராஜமணி சுகம். நீ சுகமாயிருக்கமாட்டாய் என்று தெரியும், அதற்குக் காரணம் நான்தான் என்றும் தெரியும்.

மூன்று வாரமாக ஏன் எழுதவில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அப்பாடா, நான் இல்லை என்று மனசு குதித்தது. கடைக்குள் இரண்டு தரம் நடந்தேன். அப்புறந்தான், நான் இல்லையென்றால் அக்கா அல்லவா என்று உறைத்தது. ஒரு மாதம் நான் சுமந்து புலம்பினதை நீ நாற்பது வருஷம் வாயைத் திறக்காமல் சுமந்திருக்கிறாய். அப்பேர்ப்பட்டவளுடைய கடிதத்தை வாசித்துவிட்டு அப்பாடா என்றவன், என்ன முகத்தோடு உனக்கு எழுதுவது? பேனாவை எடுப்பேன், வெட்கம் வரும், வைத்துவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் ஒருநாள் துரை வந்தபோது ஏடு மேஜைமேல் கிடந்தது. படித்துச் சொல்லச் சொன்னார். உன்னைப் பற்றினதைப் படித்தேன். அவர் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிறகு அவர் சொன்ன விலையைக் கேட்டு என் காது அடைத்தது. ஒரு பகல் முழுக்க எனக்கு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. சாயங்காலம் ராஜமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. "மதனி அங்கெ உண்ணாம இருக்காங்க, நீங்க இங்கெ வெல பேசிட்டு இருக்கீங்களாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் துரையிடம் புஸ்தகத்தை மட்டும் கொடுத்தேன், ஏடு இல்லாததற்குக் குறைத்த விலைக்கு. கடையை என்ன செய்வதென்று ஈஸ்டர் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வருகிற ஆறாம் தேதி சனிக்கிழமை நாங்கள் இருவரும் முதல் பஸ்ஸில் வருகிறோம். ஞானபாயிடம் சொல்லவேண்டியதை நாம் இரண்டுபேரும் சேர்ந்தே சொல்வோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் பேச்சை அவள் காதில் போட்டுவிடாதே. என்னிடமும் பேசாதே. பேசினால் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

ஏட்டை நான் கையிலேயே கொண்டுவருகிறேன். ஆனால் சனிக்கிழமைவரை நீ இதைத் தெரியாமல் இருக்கக்கூடாது. எங்கள் தொழிலில் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்போம். நீ அன்றைக்கு ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு மூடிவிட்டாய். நீ வாசித்தது முன்பக்கம். நான் பிறந்தது அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. அப்பா எழுதினதை ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் பார்த்தெழுதுகிறேன்:

"1890 ஆகஸ்டு 14, வியாழன், மழை. நம் எலிசாளுக்குத் தம்பி பிறந்தான். தாசையன் என்று பேர்."

எங்களுக்கு மகன் பிறந்தான் என்று அப்பா எழுதவில்லை, அக்கா. ஏடு முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி எங்குமே இல்லை. நீ வீட்டைப் பற்றிக் கேட்கிறாய். அப்பா என்னையே உன் பேரில்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உன் தம்பி
தாசையன்